எண் இல்லாத துப்பாக்கி

கோங்ஸ்பெர்க் ஊரில் பழைய ராணுவத் துப்பாக்கி வாங்க நினைக்கிறவர்கள் முதலில் டோர்கிரிமிடம் காட்டிவிட்டுத்தான் பேரத்தை முடிப்பார்கள். அவர் சரி என்றால் சரி. உதட்டைப் பிதுக்கினால் அந்தச் சாமான் வந்த வழியே திரும்பிப் போய்விடும். இத்தனைக்கும் அவர் வியாபாரியோ படித்த நிபுணரோ இல்லை. நகராட்சியில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர். பனி இல்லாத மாதங்களில் சாலைக் குழிகளுக்குத் தார் ஊற்றுவார். மனைவி உன்னி புற்றுநோயில் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் அவரும் நிலவறையில் இருந்த இரும்பு அலமாரியும்தான்.

அந்த அலமாரியில் இருந்தவை எல்லாம் ஒரே வகைக் கைத்துப்பாக்கிகள். நார்வே ராணுவத்துக்காக அதே ஊர்த் தொழிற்சாலையில் செய்தவை. சேகரிப்பதற்குக் காவல்துறை கொடுத்த உரிமத்திலும் அந்த வகை மட்டும்தான் எழுதியிருந்தது.

இளவயதில் ஒரு சந்தையில் வாங்கியதுதான் அவருடைய முதல் துப்பாக்கி. விற்றவன் கண்ணில் நீர் தளும்பத் தளும்ப ஒரு கதை சொன்னான். இரண்டாம் உலகப்போரில் ஒரு கேப்டன் அந்தத் துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, உறைபனியில் மலையைக் கடந்து ஸ்வீடனுக்குத் தப்பினாராம். கதை கேட்ட வேகத்தில் டோர்கிரிம் வாங்கிவிட்டார். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் மேல்பாதி ஒரு துப்பாக்கியுடையது, கீழ்பாதி இன்னொன்றுடையது. கருநீலப் பூச்சு போன வருடம் பூசியது. உன்னி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பாவம், அந்தக் கேப்டன் ரெண்டு துப்பாக்கி வெச்சிருந்திருப்பாரு."

அதற்குப் பிறகு டோர்கிரிம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். யார் எதைக் கொண்டுவந்தாலும் கையை நீட்டி, "கதைய அப்புறம் கேக்கறேன், முதல்ல சாமானக் குடுங்க" என்பார். சேகரிப்பாளர் சங்கத்தில் இதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். ஆனாலும் அவரிடம்தான் வருவார்கள்.

அவருடைய அலமாரியில் ஒரே ஒரு குறை இருந்தது. அந்தப் போரில் ஜெர்மன்காரர்கள் நாட்டைப் பிடித்து வைத்திருந்த ஐந்து வருடமும் தொழிற்சாலை அவர்களுக்காக ஓடியது. அப்போது சில தொழிலாளர்கள் துப்பாக்கியின் பாகங்களை ஒவ்வொன்றாகச் சாப்பாட்டு டப்பாவில், ரொட்டித் துண்டுகளுக்கு அடியில் வைத்து வெளியே கடத்தினார்கள். வீட்டில் ஒன்றாகப் பூட்டி முழுத் துப்பாக்கியாக்கிக் காட்டில் ஒளிந்திருந்த போராளிகளுக்குக் கொடுத்தார்கள். வரிசை எண் அடிக்கும் மேசைக்குப் போகாமலே வெளியே வந்தவை என்பதால் அவற்றில் எண் இருக்காது. ஊரில் அவற்றுக்கு டப்பாத் துப்பாக்கி என்றே பெயர். மிஞ்சியவை சொற்பம். டோர்கிரிம் இத்தனை வருடத்தில் இரண்டைத்தான் கையில் எடுத்துப் பார்த்திருந்தார். இரண்டும் அடுத்தவர்களுடையவை.

தொண்ணூற்றாறாம் வருடம் பனி உருக ஆரம்பித்த சமயத்தில் போர்கில்ட் தொலைபேசியில் கூப்பிட்டாள். டோர்கிரிமோடு வண்டி ஓட்டிய எய்லிஃப் என்பவரின் விதவை. அறுபது வயது. உன்னி படுத்த படுக்கையாய்க் கிடந்த மாதங்களில் மதியம்தோறும் வந்து, அவளுக்குத் தலை கழுவிவிட்டு, செய்தித்தாள் படித்துக் காட்டியவள். அந்தக் கடனை எப்படி அடைப்பதென்று டோர்கிரிமுக்குத் தெரியவில்லை. வருடாவருடம் அவள் வீட்டுப் பாதையில் மட்டும் பனியை இரண்டு முறை தள்ளிக் கொடுப்பார். அவ்வளவுதான்.

"வீட்ட வித்துட்டேன். ஆத்தங்கரைப் பக்கம் சின்னதா ஒரு ஃபிளாட் பாத்திருக்கேன்" என்றாள். "அப்பாவோட துப்பாக்கிய அங்க கொண்டுபோய் வெச்சுக்க முடியாது. யாருகிட்டயும் இன்னும் சொல்லல. முதல்ல நீ வந்து பாரு."

அவளுடைய அப்பா ஆன்ஃபின் அந்தத் துப்பாக்கித் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரம் ஓட்டியவர். போர் முடிந்த மறுவருடம் அவர் தன் வீட்டு மேசையில் எண் இல்லாத ஒரு துப்பாக்கியை எடுத்து வைத்த கதை ஊருக்கே தெரியும். அதுவரை ஆன்ஃபின் ஜெர்மன்காரர்களோடு ஒட்டிக்கொண்டிருந்தவர் என்று ஒரு பேச்சு இருந்தது. ஜெர்மன் மேற்பார்வையாளன் ஒருவன் அவர் வீட்டு மாடியில்தான் தங்கியிருந்தான். அந்தத் துப்பாக்கி மேசைக்கு வந்த நாளோடு பேச்சு அடங்கியது. மாடியில் எதிரியைப் படுக்க வைத்துவிட்டு, கீழே டப்பாவில் துப்பாக்கி கடத்திய மனுஷன் என்று தலைகீழாக மாறிவிட்டது.

அலமாரியில் காலியாக இருந்த அந்த ஒரு இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் டோர்கிரிம் கிளம்பினார்.

போர்கில்ட் வாஃபிள் சுட்டு வைத்திருந்தாள். பழுப்புப் பாலாடைக்கட்டி, ஸ்ட்ராபெரி ஜாம், காபி. பாதிச் சாமான்கள் அட்டைப்பெட்டிகளுக்குள் போயிருந்தன. அவள் ஒரு கம்பளித் துணியைப் பிரித்துத் துப்பாக்கியை மேசைமேல் வைத்தாள். டோர்கிரிம் வாஃபிளைத் தொடவில்லை.

முதலில் தோட்டா வைக்கும் மேகசினைக் கழற்றினார். மேலே நகரும் ஸ்லைடைப் பின்னால் இழுத்து உள்ளே தோட்டா இல்லை என்று விரல் விட்டும் பார்த்தார். பிறகு ஜன்னலோரம் போய், பகல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கருநீலம் விளிம்புகளில் தேய்ந்து வெள்ளையாகியிருந்தது. பல வருடம் கையில் பட்டுத் தேய்ந்த தேய்மானம்தான், ஏமாற்று இல்லை. கைப்பிடிப் பலகைகள் அந்தக் காலத்து வால்நட் மரம். திருகுகளின் பிளவு சிதையவில்லை. பின்முனையில் இருந்த சுத்தியைப் பாதி ஏற்றி விசையை அழுத்தினார், சுத்தி விழவில்லை. குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். தோட்டாவைச் சுழற்றிவிடும் வரிப்பள்ளங்கள் கூர்மையாக இருந்தன. உடலில் எண் இல்லை. ஸ்லைடிலும் இல்லை.

"காபி ஆறுது" என்றாள் போர்கில்ட்.

"இருங்க, இருங்க."

சட்டைப்பையிலிருந்து சின்ன இரும்பு அளவுகோலை எடுத்தார். எண் இருக்க வேண்டிய இடத்தில் அதை விளிம்பு படும்படி வைத்து, பின்னாலிருந்து டார்ச் அடித்தார். அளவுகோலுக்கும் உலோகத்துக்கும் நடுவே தலைமயிர் அளவுக்கு வெளிச்சக் கோடு தெரிந்தது. இடத்தை மாற்றி வைத்தார். அங்கே ஒட்டி நின்றது. மறுபடி பழைய இடம். மறுபடி அதே கோடு. அந்த இடத்தில் மட்டும் உலோகம் பள்ளமாக இருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்து துப்பாக்கியைப் பாகம் பாகமாகப் பிரித்தார். குழலைத் தனியே எடுத்து அடிப்பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். எண்ணெய்க் கசடுக்கு அடியில் ஏதோ தெரிந்தது. தீக்குச்சியால் சுரண்டினார். அரிசியில் பாதிகூட இருக்காது, ஒரு கிரீட முத்திரை. முழுதாகப் பூட்டி, குண்டு வைத்துச் சுட்டுச் சோதித்த பிறகு அடிக்கிற முத்திரை. டப்பாவில் பாகம் பாகமாக வெளியே வந்த துப்பாக்கியில் அது விழ வாய்ப்பே இல்லை.

குழல் ஒருவேளை வேறு துப்பாக்கியிலிருந்து வந்திருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார். குழலை உடலில் வைத்து ஆட்டிப் பார்த்தார். துளி ஆட்டம் இல்லை. ஒன்றுக்கொன்று பிறந்த ஜோடி. அந்தப் பள்ளமும் சேர்ந்து நின்றபிறகு சொல்ல எதுவும் மிச்சம் இல்லை. இது சாதாரணத் துப்பாக்கி. எண்ணை யாரோ அராவி எடுத்து, மேலே பூச்சும் ஏற்றியிருக்கிறார்கள். அதுவும் கைதேர்ந்த வேலை.

"என்ன, ஒண்ணும் பேச மாட்டேங்கற?" என்று போர்கில்ட் கேட்டாள்.

"போர்கில்ட், இதுல எண் இருந்திருக்கு. அப்புறமா எடுத்திருக்காங்க."

"யாரு எடுத்திருக்காங்க?"

"அது எனக்குத் தெரியாது. ஆனா இது டப்பாவுல வந்ததில்ல."

அவள் காபிக் கோப்பையை நகர்த்தி வைத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "நல்லாப் பாத்தியா?"

"மூணு தரம் பாத்தாச்சு."

"அப்ப எங்கப்பா பொய் சொன்னாருங்கற."

"நான் அவரப் பத்தி ஒண்ணும் சொல்லல. துப்பாக்கியப் பத்தித்தான் சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே, டோர்கிரிம்."

அந்த நேரத்தில் அவர் எழுந்து கிளம்பியிருந்தால்கூடப் பிழைத்திருப்பார். ஆனால் அவள் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல், ஏதாவது நல்லது செய்துவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார்.

"நானே எடுத்துக்கறேன். சாதாரணத் துப்பாக்கிக்கு என்ன விலையோ, அதுக்கு மேலயே தர்றேன். நல்லா வெச்சுக்கறேன்."

போர்கில்ட் அவரைப் பார்த்தாள். பிறகு பிரித்துக் கிடந்த பாகங்களைக் கம்பளித் துணிக்குள் அள்ளிப் போட்டாள்.

"பூட்டிக் குடுத்துட்டுப் போ. எனக்குப் பூட்டத் தெரியாது."

அவர் பூட்டிக் கொடுத்தார். வாஃபிள் அப்படியே தட்டில் இருந்தது.

இரண்டு வாரத்தில் அந்தத் துப்பாக்கியை ஆர்விட் வாங்கிவிட்டான். ஆர்விட் சங்கத்தில் ஓர் உறுப்பினன், வியாபாரியும்கூட. நன்றாக உடுத்துவான், எல்லோருடைய பிறந்தநாளையும் நினைவு வைத்திருப்பான். சாதாரணத் துப்பாக்கியின் விலையைப்போல ஆறு மடங்கு கொடுத்தானாம். ஒரு கப்பல் முதலாளிக்கு விற்றானாம். முதலாளி அதை ஊர் வரலாற்றுக் கழகத்துக்கே இரவல் கொடுத்து, மே மாதம் விடுதலை நாள் கண்காட்சியில் வைக்கப் போகிறாராம். சேதி இப்படி மூன்று படியாக வந்தது. நாலாவது படியாகத் தன்னைப் பற்றிய சேதி வந்ததை டோர்கிரிம் சங்கக் கூட்டத்தில்தான் உணர்ந்தார்.

அவர் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. பொருளாளர் ஸ்டெய்னார் நல்ல மனிதர், சுற்றி வளைக்கத் தெரியாதவர். அவரே கேட்டார்.

"டோர்கிரிம், போர்கில்ட்கிட்ட அது போலின்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"சொல்லிட்டு நீங்களே வாங்கிக்கறேன்னும் சொன்னீங்களா?"

டோர்கிரிமுக்கு அப்போதுதான் அந்த இரண்டு வாக்கியமும் சேர்ந்து எப்படி ஒலிக்கின்றன என்பது புரிந்தது. "சொன்னேன். ஆனா சாதாரண விலைக்கு மேலயே—"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "என்ன தாராளம்."

"குழலுக்கு அடியில கிரீடம் இருக்கு" என்றார் டோர்கிரிம். "எண் இருந்த இடம் பள்ளமா இருக்கு. கொண்டுவந்து வைங்க, இப்பவே காட்டறேன்."

ஆர்விட் மெதுவாக, வருத்தப்படுகிறவன் குரலில் பேசினான். "குழல் பின்னாடி மாத்தினதா இருக்கலாம். பள்ளம்னா, வீட்டுல கையால அராவிப் பூட்டினதுதானே. முதலாளியோட ஆள் பாத்துட்டுத் திருப்தின்னு சொல்லிட்டாரு. உங்க பேர்ல எனக்கு மரியாதை உண்டு, டோர்கிரிம். ஆச எல்லாருக்கும் வர்றதுதான். அது கண்ண மறைக்கும்."

யாரும் அவரைத் திட்டவில்லை. அதுதான் மோசம். பக்கத்தில் இருந்தவர் காபிக் குடுவையை அவர் பக்கம் நகர்த்தினார், நோயாளிக்கு நகர்த்துவதுபோல.

கூட்டம் முடிந்து வண்டி நிறுத்துமிடத்தில் ஆர்விட் அவர் பின்னாலேயே வந்தான்.

"அந்தக் கிரீடத்த நானும் பாத்தேன்."

டோர்கிரிம் நின்றார்.

"நல்ல கண்ணு உங்களுக்கு. நானா இருந்தா அந்தக் கசட்டச் சுரண்டியிருக்கவே மாட்டேன்."

"அப்ப தெரிஞ்சேதான் வித்தியா?"

"நான் எதையும் சொல்லல. அந்தம்மா அவங்கப்பாவப் பத்திச் சொன்னாங்க, முதலாளி கேட்டாரு, கண் கலங்கிட்டாரு. நடுவுல நான் வாயத் தொறக்கவே இல்ல." கார்க் கதவைத் திறந்தான். "நீங்க இரும்புக்கு விலை சொன்னீங்க. அந்தம்மா விக்க வெச்சிருந்தது இரும்பா?"

"இப்பவே உள்ள போய்ச் சொல்லுவேன்."

"சொல்லுங்க. கிரீடம் இப்ப அங்க இல்ல."

அவன் கார் வளைவில் திரும்பிப் போகும்வரை டோர்கிரிம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே போகவில்லை.

விடுதலை நாளன்று கண்காட்சிக்குப் போனார். போகாமல் இருந்தால் அதற்கும் ஒரு பேச்சு வரும். ஆன்ஃபினின் பெரிய புகைப்படம் சுவரில் இருந்தது. அதற்குக் கீழே கண்ணாடிப் பெட்டிக்குள் துப்பாக்கி. பக்கத்தில், அந்தக் காலத்துத் தகரச் சாப்பாட்டு டப்பா ஒன்று. எங்கிருந்தோ தேடி வாங்கி வைத்திருந்தார்கள். போர்கில்ட் விசேஷ நாளுக்கான கம்பளிப் பாவாடையும் வெள்ளி ஊசிகளும் அணிந்து நின்றாள். நகரத் தலைவர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். பள்ளியில் அவளோடு படித்த ஒரு கிழவி அழுதுகொண்டே அவளைக் கட்டிக்கொண்டு, "அப்ப உன்ன எவ்வளவு பாடுபடுத்தினோம், மன்னிச்சுக்கோ" என்றாள். டோர்கிரிம் கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். அவர் நின்ற இடத்தைச் சுற்றி ஓரடி காலியாக இருந்தது.

அந்த வருடம் கோடையில் யாரும் அவரிடம் துப்பாக்கி கொண்டுவரவில்லை. வேலையிடத்தில் இளைஞர்கள் பழைய மண்வாரியைக் காட்டி, "டோர்கிரிம், இது போலியா? சும்மா குடுத்தா எடுத்துக்குவீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். முதலில் அவரும் சிரித்தார். பிறகு சாப்பாட்டு நேரத்தில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிடப் பழகிக்கொண்டார்.

செப்டம்பரில், ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் பேருந்துக்காகக் காத்திருந்த போர்கில்டைப் பார்த்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் வண்டியை ஓரம் கட்டி இறங்கினார். நிழற்குடைக்குள் அவளைத் தவிர யாரும் இல்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன்" என்றார். "நான் உங்கள ஏமாத்தப் பாக்கல. உன்னிக்காக நீங்க செஞ்சத மறந்துட்டு உங்ககிட்டயே அப்படிச் செய்வேனா? அந்த எண்ண உண்மையிலேயே—"

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"எண்ண எடுத்தது. அம்மா சர்ச்சுக்குப் போயிருந்தா, ஞாயித்துக்கிழமை. எனக்கு வயித்து வலின்னு சொல்லிட்டு வீட்டுல இருந்தேன். பள்ளிக்கூடத்துல அந்த வாரம் என் சடைய வெட்டிட்டாங்க. ஜெர்மன்காரன் வீட்டுப் பொண்ணுன்னு. அப்பா அதப் பாத்துட்டாரு. ஞாயித்துக்கிழமை, எங்கிருந்தோ கொண்டாந்த ஒரு துப்பாக்கிய வெச்சுக்கிட்டுப் பட்டறையில உக்காந்து அராவிக்கிட்டிருந்தாரு. நான்தான் விளக்கப் பிடிச்சேன்."

மழை தகரக் கூரையில் விழுந்துகொண்டிருந்தது.

"அவரு அந்தப் பக்கமும் இல்ல, இந்தப் பக்கமும் இல்ல. ஊர்ல முக்கால்வாசிப் பேரு அப்படித்தான் இருந்தாங்க. எங்க வீட்டு மாடிய அவனுக்கு ஒதுக்கினாங்க, நாங்களா கேட்டோம்?" அவள் பையை மடிமேல் இறுக்கிக்கொண்டாள். "ஊரே நம்பிடுச்சு. எனக்கு மட்டும் நம்ப வரல, விளக்கப் பிடிச்ச கை என்னோடதுதானே. நீ பொய் சொல்ல மாட்ட. உன் கண்ணுக்கே தெரியலேன்னா, நானும் மறந்துடலாம்னு நெனச்சேன். விக்கறதுக்காகக் கூப்பிடல உன்ன. நல்லதுன்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா, சும்மாவே குடுத்திருப்பேன்."

"அப்ப ஊரு என்னப் பத்திப் பேசறது..." என்றார். "நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, போர்கில்ட்."

"என்னன்னு சொல்லட்டும்? டோர்கிரிம் சொன்னதுதான் நெசம்னு சொல்லட்டுமா?"

அவள் கேட்டதில் கோபம் இல்லை. பதில் தெரிந்தால் சொல் என்பதுபோலக் கேட்டாள். அவர் யோசித்துப் பார்த்தார். பேருந்து வந்து நின்றது. அவள் ஏறி, ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

அந்த மாதமே டோர்கிரிம் அலமாரியைக் காலி செய்தார். ஸ்வீடனிலிருந்து வந்த ஒரு சேகரிப்பாளர் மொத்தமாக எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றையும் எடுத்துக் கொடுக்கும்போது, எதில் திருகு மாற்றியது, எதில் பூச்சு புதியது என்று டோர்கிரிம் கேட்காமலே சொல்லிக்கொண்டு வந்தார். ஸ்வீடன்காரருக்கு அது எரிச்சலாக இருந்தது. குறை சொல்லச் சொல்ல விலையைக் குறைத்துக்கொண்டே போனார். டோர்கிரிம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். உரிமத்தைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டார்.

சேதி சங்கத்துக்குப் போனபோது ஸ்டெய்னார், "சுத்தமானவரா இருந்தா எதுக்கு விக்கணும்?" என்றாராம். அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

நவம்பரில் பனி விழுந்தது. போர்கில்ட் குடிபோன ஆற்றங்கரை ஃபிளாட்டுகள் டோர்கிரிமின் பாதையில் இல்லை, வேறொருவன் பங்கு. மாற்றிக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். அவர் கேட்கவில்லை.